ஃபர் கோட் பாயின் ரஷ்யத் தேர்தல்

துபாயில் உட்கார்ந்துகொண்டு ரஷ்ய ஜனாதிபதித் தேர்தலில் தோற்றுப்போன ஒரே தமிழர் ஃபர் கோட் பாய்தான். வேட்பாளர் வேறொருவர் என்பது உண்மை. ஆனால் அந்த வேட்பாளர் மாஸ்கோவில் எவ்வளவு வருத்தப்பட்டாரோ எனக்குத் தெரியாது. தேராவில், நாயிஃப் பக்கம், மூன்றாவது மாடியில் ஏழு பேர் தங்கியிருந்த எங்கள் அறையில் பாய் பட்ட வருத்தத்தை நேரில் பார்த்தவன் நான். இரண்டு நாள் மனிதர் கறி சாப்பிடவில்லை. ஒரு கீழக்கரைக்காரர் இரண்டு நாள் கறி சாப்பிடவில்லை என்றால் அதற்கு மேல் நான் சொல்ல என்ன இருக்கிறது?

அவருடைய லேபர் கார்டில் ஒரு பெயர் இருந்தது. அதை அவருடைய முதலாளியே மறந்துபோயிருந்தார். எல்லோருக்கும் அவர் ஃபர் கோட் பாய். தார் ரோடு வெயிலில் இளகும் ஊரில் நரித்தோல், முயல்தோல், இன்னும் பெயர் தெரியாத பிராணிகளின் தோலில் செய்த ரோமக் கோட்டு விற்கிற கடையில் அவர் சேல்ஸ்மேன். அந்தக் காலத்தில் ரஷ்யாவிலிருந்து வியாபாரிகள் விமானம் விமானமாக வந்து இறங்குவார்கள். பெரும்பாலும் பெண்கள். காலிப் பைகளோடு வருவார்கள்; போர்வை, டி.வி., செருப்பு, ரோமக் கோட்டு என்று மூட்டை மூட்டையாகக் கட்டிக்கொண்டு போவார்கள். தெருவில் பாதிக் கடைகளின் பெயர்ப்பலகை ரஷ்ய எழுத்தில்தான் இருக்கும்.

அந்த மூட்டைகளை அனுப்புகிற கார்கோ ஆபீஸ் பாயின் கடைக்கு அடுத்த கதவு. நான் அதில் வேலை பார்த்தேன். மூட்டைகளின்மேல் கறுப்பு மையால் விலாசம் எழுதுவதும், பிக்கப் வண்டி ஓட்டுவதும் என் டியூட்டி. ரஷ்ய எழுத்துகளை நான் எழுதவில்லை, வரைந்தேன். பல மூட்டைகள் ஊர் போய்ச் சேர்ந்தது இன்றுவரை எனக்கு ஆச்சரியம்தான். மத்தியான வேளைகளில் பாயின் கடைக்குள் போய் நின்றுகொள்வேன். கோட்டு கெட்டுப்போகாமல் இருக்க ஏ.சி.யைப் பனிக்கட்டி அளவுக்கு வைத்திருப்பார்கள். பாய் டை கட்டி, தலையில் ரோமத் தொப்பி போட்டுக்கொண்டு, கல்லாவுக்குப் பக்கத்தில் மாஸ்கோவிலிருந்து நேரே வந்தவர் மாதிரி நிற்பார். தொப்பியைக் கழற்றினால் உள்ளே வெள்ளைத் தொப்பி இருக்கும்.

ரஷ்ய மொழியை அவர் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. வாடிக்கையாளர்களிடமே கற்றார். சரளமாகப் பேசுவார். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. ரஷ்ய மொழியில் 'நான் வந்தேன்' என்று சொல்வதற்கே ஆண் சொன்னால் ஒரு மாதிரி, பெண் சொன்னால் வேறு மாதிரி. பாய்க்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அத்தனை பேரும் பெண்கள். அதனால் ஐந்தரை அடி உயரமும், மார்பு வரை தாடியும் உள்ள மனிதர், 'நான் காலையிலேயே வந்தாள், உங்களுக்காகவே இந்தக் கோட்டை எடுத்து வைத்தாள்' என்கிற கணக்கில் பேசிக்கொண்டிருப்பார். வந்தவர்கள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். தன் நகைச்சுவைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று பாய் நம்பியிருந்தார். அவர்கள் திருத்தவில்லை. மறுமுறை வரும்போது தோழிகளையும் அழைத்து வந்தார்கள்.

அப்படி வந்தவர்களில் ஒருவர் லுத்மிலா. ஐம்பது வயதிருக்கும். கல்லூரியில் பொருளாதாரம் சொல்லிக்கொடுத்தவர். சோவியத் நாடு உடைந்த பிறகு சம்பளம் வருவது நின்றுபோய், சாக்பீஸை வைத்துவிட்டு மூட்டையைத் தூக்கியவர். பாய் அவரை 'லூதா லாத்தா' என்று கூப்பிடுவார். கீழக்கரைப் பக்கம் அக்காவை லாத்தா என்பார்கள். அந்த அம்மாளுக்கு அது ஏதோ அரேபியப் பட்டம் என்று எண்ணம். பெருமையாகத் தலையாட்டுவார்.

இந்த லாத்தாதான் ஒருநாள் கோட்டு பார்க்க வந்த இடத்தில், பையிலிருந்து ஒரு ரஷ்யப் பத்திரிகையை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். தலை கலைந்து, மேசையில் கையூன்றி, தூக்கம் போதாத முகத்தோடு ஒருவர். தாராளவாதப் பொருளாதார நிபுணர். ஜனாதிபதித் தேர்தலில் நிற்கிறார். அவருடைய கட்டுரைகளை வைத்துத்தான் லாத்தா வகுப்பில் பாடம் நடத்துவாராம். டி.வி.யில் எல்லோரும் கத்தும்போது இவர் ஒருவர்தான் கத்துவதில்லை என்றாராம் லாத்தா. தெரியாததைத் தெரியாது என்கிறார், ஒரே நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதில்லை என்றாராம்.

இதையெல்லாம் கேட்ட பாய் அன்றைக்கே மதம் மாறாத குறையாக மாறிவிட்டார். படத்தை வாங்கி, நரிக்கோட்டுக்கும் முயல்கோட்டுக்கும் நடுவே சுவரில் ஒட்டினார். பெயர் அவர் வாயில் நுழையவில்லை. 'எக்கானமி சார்' என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்து எங்களுக்குப் பணவீக்கம் விளக்கினார்.

"பணவீக்கம்னா பணத்துக்கு வீக்கம் வந்துட்டுன்னு அர்த்தமில்லெ. கெளாஸ் அதே கெளாஸ்தான். டீயில தண்ணி கூடிட்டே போவும். நீ கெளாஸெ பாத்து ஏமாந்துருவே. எக்கானமி சார் என்னா செய்யிறாக? தண்ணி கலக்குனவன் கையெப் புடிக்கிறாக."

"அப்ப டீத்தூளு யாரு பாய் போடுவா?" என்றான் செல்வராஜ்.

செல்வராஜ் எலக்ட்ரீஷியன், சிவகங்கைப் பக்கம். எங்கள் அறையின் எதிர்க்கட்சி. பாய் இடது என்றால் வலது என்பான். அந்தத் தேர்தலில் நாற்காலியில் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர் ஜெயிக்கப்போகிறார் என்று உலகத்துக்கே தெரியும். செல்வராஜ் அவர் பக்கம்.

"நாட்டுக்கு ஒரு கண்டிசனான ஆளு வேணும் பாய். ஒங்க ஆளப் பாத்தா லீவு லெட்டர் எழுத வந்தவரு மாதிரி இருக்காரு. ஜெயிக்க மாட்டோம்னு தெரியுது. தெரிஞ்சே எதுக்கு நிக்கிறாரு?"

"சூன் மாசத்து வெயில்ல நான் எதுக்குடா கோட்டு விக்கிறேன்?" என்றார் பாய். "குளிரு எங்கேயோ இருக்கு, வராமப் போவாதுன்னுதானே?"

வாதத்தில் தோற்கும்போதெல்லாம் செய்வதுபோல் செல்வராஜ் வெங்காயம் உரிக்க ஆரம்பித்தான்.

கடையில் பாய் பிரசாரத்தைத் தொடங்கினார். வருகிற ரஷ்யர்களிடம் முதலில் கோட்டு அளவு, அடுத்து ஓட்டு யாருக்கு. எக்கானமி சாருக்கு என்றால் ஒரு சாவிக்கொத்து இலவசம். வேறு யாருக்காவது என்றால் கால்மணி நேரச் சொற்பொழிவு இலவசம். ஒரு நாள் மலை மாதிரி ஒரு அம்மாள், பாயின் பேச்சைக் கேட்டுக் கோபம் தலைக்கேறி, போட்டுப் பார்த்த கோட்டைக் கழற்றித் தரையில் வீசிவிட்டு வெளியே போனார். பாய் அசையவில்லை. அரைமணி நேரம் கழித்து அந்த அம்மாள் திரும்பி வந்து, அதே கோட்டை வாங்கிக்கொண்டு, விரலை ஆட்டி ஏதோ சொல்லிவிட்டுப் போனார்.

"என்ன பாய் சொல்றாங்க?"

"கோட்டு ஒன்னோடது, ஓட்டு என்னோடதுங்குறாக. சரியான பேச்சுதான் தம்பி. அதைத்தான் எக்கானமி சாரும் சொல்றாக."

கடை முதலாளி சிரியாக்காரர். பாயை மரியாதையாக 'ஹாஜி' என்பார். அவர் காதுக்கு இந்தச் சங்கதி வந்தபோது கடைக்குள் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்.

"யா ஹாஜி! பாலிடிக்ஸ் மாஃபி, கூடாது! கோட்டு! ஒன்லி கோட்டு!"

"ஓகே அர்பாப், கோட்டு" என்று பாய் முதலாளிக்குத் தலையாட்டினார்.

முதலாளி சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "இது யாரு? உன் வாப்பாவா?"

பாய்க்குப் பொய் சொல்லவும் மனமில்லை, படத்தைக் கழற்றவும் மனமில்லை. "வாப்பா மாதிரி" என்றார். முதலாளி படத்துக்கு ஒரு சலாம் வைத்துவிட்டுப் போனார்.

இதற்கிடையில் எங்கள் அறையிலும் ஜனநாயகம் புகுந்தது. ஏழு பேருக்கு ஒரு குளியலறை. காலையில் யார் எப்போது போவது என்று செல்வராஜ் போட்ட அட்டவணை கதவில் ஒட்டியிருக்கும். ஆளுக்குப் பத்து நிமிடம். பதினோராவது நிமிடம் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடுவான். இது சர்வாதிகாரம் என்று பாய் கிளம்பினார். மனிதனுடைய தேவையை அட்டவணை தீர்மானிக்கக் கூடாது, எக்கானமி சார் சொல்வதே அதுதான் என்று அரைமணி நேரம் பேசினார். நாங்களும் மயங்கிவிட்டோம். அட்டவணை கிழிக்கப்பட்டது. யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

மறுநாள் காலை ஏழு பேருக்கும் ஒரே நேரத்தில் வேண்டியிருந்தது.

அதை நான் விவரிக்கப் போவதில்லை. இரண்டாம் நாள் ஒருவன் முந்திக்கொள்வதற்காகக் குளியலறைக்குள்ளேயே பாய் விரித்துப் படுத்தான். மூன்றாம் நாள் ஒருவன் உள்ளே போய் ஷேவ் செய்து, குளித்து, துணியும் துவைத்துக் காயப்போட்டுவிட்டுத்தான் வெளியே வந்தான். ஃபர் கோட் பாய் வெளியே முகமெல்லாம் சோப்பு நுரையோடு, தோளில் துண்டோடு நின்றபடி, "பொறுங்கப்பா, சீர்திருத்தம்னா மொதல்ல கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்" என்றார். சோப்பு கண்ணில் இறங்கியதால் அதற்கு மேல் தத்துவம் பேச முடியவில்லை.

வார இறுதியில் தேர்தல் வைத்தோம். செல்வராஜா, பாயா? காலி நிடோ பால்பவுடர் டப்பாவில் ஓட்டுச்சீட்டு. எண்ணிப் பார்த்தால் செல்வராஜுக்கு ஆறு. பாய்க்கு ஒன்று. அந்த ஒன்று நான் போட்டது. அப்படியானால் பாயின் ஓட்டு?

"தனக்குத் தானே போட்டுக்குறது மரியாதையில்லெ தம்பி. அதான் செல்வராசுக்குப் போட்டேன்" என்றார்.

செல்வராஜ் திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டான். ஜெயித்தவன் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

மார்ச் கடைசி ஞாயிற்றுக்கிழமை ரஷ்யாவில் வாக்குப்பதிவு. சரியாக அந்த வாரம் லூதா லாத்தா துபாய் வந்திருந்தார். ஞாயிறு சாயங்காலம் ஊருக்கு விமானம். வெளிநாட்டில் இருக்கிற ரஷ்யர்கள் தூதரகத்தில் ஓட்டுப் போடலாம், தூதரகம் அபுதாபியில். சனிக்கிழமை கடைக்கு வந்த லாத்தாவிடம் பாய், "நாளைக்குப் போறியள்தானே?" என்று கேட்டார். லாத்தா போகவில்லை என்றுவிட்டார்.

நான் அங்கே நின்றிருந்தேன். பாய் துண்டு துண்டாக எனக்கு மொழிபெயர்த்தார். லாத்தா களைத்துப்போயிருந்தார். நாலு வருடமாக மூட்டை தூக்கி இடுப்பு போய்விட்டது. தாராளவாதம் பேசியவர்களே பாதிப்பேர் ஜெயிக்கிற பக்கம் போய்விட்டார்கள். இவரையும் விலகிக்கொள்ளச் சொல்கிறார்கள். விலகாமல் நின்று என்ன ஆகப்போகிறது? ஜெயிக்கிறவருக்கு, பார், போட்டியெல்லாம் இருந்தது என்று காட்ட ஒரு அலங்காரம். அவ்வளவுதான். அதற்கு ஒருநாளைக் கெடுத்துக்கொண்டு அபுதாபி போகவேண்டுமா?

பாய் தொப்பியைக் கழற்றினார். அவர் தொப்பியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று அர்த்தம். முதலில் தமிழில் என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"லாத்தா வாத்தியாரம்மா. பரீச்சையில தோக்கப் போற பிள்ளைன்னு தெரியும். அதுக்காவ அந்தப் பிள்ளையோட பேப்பரெ திருத்தாம தூக்கிப் போட்டாகளா? இதைக் கேக்கவா தம்பி?"

"கேளுங்க பாய்."

கேட்டார். பெண்பால் ரஷ்யனில்தான் கேட்டிருப்பார். ஆனால் லாத்தா சிரிக்கவில்லை. கோட்டின் கைமடிப்பை இரண்டு தடவை நீவிவிட்டார். பிறகு, வண்டி இருந்தால் வருகிறேன் என்றார்.

வண்டி என்றால் என் பிக்கப். எனக்கும் மறுநாள் அபுதாபி ஆபீசில் காகிதங்கள் கொடுக்கவேண்டியிருந்தது. பாய் லீவு கேட்டார். முதலாளி குதித்தார். ஞாயிற்றுக்கிழமை ஒரு விமானம் நிறைய ரஷ்யர்கள் வருகிறார்கள், அன்றைக்கு லீவா? போனால் கலாஸ், திரும்பி வராதே என்றார். இருபது வருடத்துக்கு மேல் கல்ஃபில் இருந்தவர், ஊரில் மூன்று பெண்பிள்ளைகள். நான் பயந்துவிட்டேன்.

"வேணாம் பாய். அவங்கள நான் கூட்டிட்டுப் போயிட்டு வர்றேன்."

"ஒனக்கு ரஷ்யன் தெரியாது. வழியில அவுக மனசு மாறிட்டா நீ என்னத்தெ பேசுவே?"

மறுநாள் காலை முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பாய் கல்யாணத்துக்குப் போகிறவர் மாதிரி அத்தர் பூசி, இஸ்திரி போட்ட சட்டையில், மடியில் ரோமத் தொப்பியோடு வந்தார். ஜெபல் அலி தாண்டியதும் லாத்தா அவரிடம் ஏதோ கேட்டார். பாய் ஜன்னல் பக்கம் பார்த்தார். பாலைவனத்தைத் தவிர அங்கே ஒன்றும் இல்லை.

"என்ன பாய் கேக்குறாங்க?"

"ஒங்க ஊர்ல நீ எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுவேங்குறாக."

"சொல்ல வேண்டியதுதானே?"

"நான் ஓட்டே போட்டதில்லெ தம்பி."

எனக்குக் கியர் தவறியது. பாய் சாவகாசமாகச் சொன்னார். ஊரைவிட்டு வரும்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அப்போது இருபத்தொன்று ஆனால்தான் ஓட்டு. அதன் பிறகு இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போவார். லீவு வரும்போது தேர்தல் வராது, தேர்தல் வரும்போது லீவு கிடைக்காது. ஒரு தடவை இரண்டும் ஒன்றாக வர இருந்தது, தேர்தலைத் தள்ளிவைத்துவிட்டார்கள். "எம் பொண்டாட்டி போட்டுட்டு விரலெக் காட்டுவா. மூத்த மவளும் இப்ப போடுறா. எனக்கு அந்த மை எப்புடி ஒட்டும், எத்தனை நாளு இருக்கும், ஒண்ணும் தெரியாது."

இதை அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். லாத்தாவுக்கும் ரஷ்யனில் சொன்னார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. பாயையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தூதரக வாசலில் பாய் தொப்பியை மாட்டிக்கொண்டு இறங்கினார். லாத்தா பாஸ்போர்ட்டைக் காட்டி உள்ளே போனார். பாயும் பின்னாலேயே போனார். காவலர் கையை நீட்டித் தடுத்தார். சுவர் உயரம் இருப்பார், முகத்தில் சிரிப்பே கிடையாது. பாய் நெஞ்சில் கைவைத்து மிகப் பணிவாக ரஷ்யனில் ஏதோ சொன்னார். அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் ஊகித்துக்கொண்டேன்: நான் வெகுதூரத்திலிருந்து வந்தாள். நான் ஓட்டுப் போட வரவில்லை. ஓட்டுப் போடுவதைச் சும்மா பார்க்க ஆசைப்பட்டாள்.

காவலரின் உதடு துடித்தது. கன்னம் உப்பியது. திரும்பி நின்று கொஞ்சம் இருமினார். பிறகு உள்ளே போய் இன்னொரு காவலரை அழைத்து வந்து, பாயை மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். பாய் இன்னும் விளக்கமாகச் சொன்னார். இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். உள்ளே விட முடியாது என்றாலும், நிழலில் ஒரு நாற்காலி போட்டு, கண்ணாடி டம்ளரில் டீ கொடுத்தார்கள்.

"பாத்தியா, எவ்வளவு மரியாதை?" என்றார் பாய்.

"ஆமா பாய்."

லாத்தா கால்மணி நேரத்தில் வந்துவிட்டார். பாய் எழுந்து நின்றார். யாருக்கு என்று கேட்டார். ரகசியம் என்பதுபோல் அந்த அம்மாள் வாயில் விரலை வைத்தார். அதோடு பாயின் நிம்மதி போயிற்று. என் காகிதங்களைக் கொடுத்துவிட்டு நாங்கள் திரும்புகிற வழியெல்லாம் பாய் புழுவாகத் துடித்தார். "கேட்டா தப்பாயிருமோ தம்பி? ரகசியம்னா ரகசியந்தான். ஆனா எங்கிட்டவுமா?" என்று பத்து மைலுக்கு ஒரு தடவை புலம்பினார்.

பாதி வழியில் ஒரு மலையாளி கஃபெட்டேரியாவில் டீக்கு நிறுத்தினோம். லாத்தா டீயை வைத்துவிட்டு பாயைப் பார்த்து மெதுவாக, நாலைந்து வாக்கியம் பேசினார். பாயின் கையில் இருந்த சமோசா அப்படியே நின்றது. பிறகு சமோசாவைத் தட்டில் வைத்துவிட்டு, கை கழுவுகிற குழாயடிக்குப் போய், முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. லாத்தா என் பக்கம் திரும்பி, குழாயடியில் நின்ற முதுகைக் காட்டி, "ஹிஸ் வோட்" என்றார். தெரிந்த ஆங்கிலம் அவ்வளவுதான் போல.

லாத்தாவை ஓட்டலில் இறக்கிவிட்ட பிறகுதான் பாய் வாயைத் திறந்தார்.

"எனக்கு நம்பிக்கை போயிட்டுதுன்னாக. வெறுஞ்சீட்டா மடிச்சுப் போட்டுட்டு வரலாம்னுதான் உள்ள போனேன்னாக. பொறவு, இத்தனை வருசமா ஓட்டே போடாத ஒரு ஆளு வெளியில தொப்பியோட ஒக்காந்துருக்கு, எஞ்சீட்டுல அந்த ஆளோட ஓட்டெப் போட்டேன்னாக." கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சமோசாவுல காரம் சாஸ்தி தம்பி, கண்ணு எரியுது" என்றார்.

கடை வாசலில் முதலாளி காத்திருந்தார். கலாஸ் என்றார் முதலாளி. ஓகே அர்பாப் என்றார் பாய். சுவரில் இருந்த படத்தை நகத்தால் மெதுவாகச் சுரண்டி எடுத்துக்கொண்டு அறைக்கு வந்துவிட்டார்.

மறுநாள் சிற்றலை வானொலியில் தமிழ்ச் செய்தி சொன்னது. நாற்காலியில் இருந்தவரே ஜெயித்தார். எக்கானமி சார் தோற்றார். பாய் வானொலியை அணைத்துவிட்டு, "எக்கானமி சாருக்கு விழுந்ததுல லாத்தாட ஓட்டும் இருக்கு" என்றார். அவ்வளவுதான். சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வேலை போன துக்கமா, தேர்தல் துக்கமா என்று கேட்கிற தைரியம் யாருக்கும் இல்லை.

புதன்கிழமை செல்வராஜ், அன்று தன் சமையல் முறை இல்லாதபோதும், ஆட்டுக்கறி வாங்கி வந்து அவனே சமைத்தான். தட்டில் போட்டு பாயின் முன்னால் வைத்தான்.

"சாப்பிடுங்க பாய். எதிர்க்கட்சி பட்டினி கெடந்தா ஆளுங்கட்சிக்குத்தான் கெட்ட பேரு."

பாய் அவனை நிமிர்ந்து பார்த்தார். கறியைப் பார்த்தார். "உப்புக் கம்மி" என்றார், வாயில் வைக்காமலேயே. பிறகு சாப்பிட்டார்.

அவர் கை கழுவுவதற்குள் கதவு தட்டப்பட்டது. மூன்று மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு சிரியாக்கார முதலாளி நின்றிருந்தார். லிஃப்ட் ரிப்பேர். விஷயம் இதுதான்: ஞாயிறன்று வந்து இறங்கிய ரஷ்யப் பெண்கள் கடைக்கு வந்து பாயைத் தேடியிருக்கிறார்கள். தாடி வைத்துக்கொண்டு பெண் மாதிரி பேசுவாரே, அவர் எங்கே? இல்லை என்றதும் போய்விட்டார்கள். மறுநாளும் வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். முதலாளியே ரோமத் தொப்பி போட்டுக்கொண்டு நின்று பார்த்திருக்கிறார். யாரும் சிரிக்கவில்லை, யாரும் வாங்கவும் இல்லை.

"யா ஹாஜி, யல்லா, வா."

"வர்றேன் அர்பாப். ஒரு கண்டிசன். படம் இருக்கும்."

"யார் வேண்டாம் என்றது? வாப்பா படத்தை யாராவது கழற்றுவார்களா?" என்றார் முதலாளி, உண்மையான வருத்தத்தோடு.

அடுத்த ரஷ்யத் தேர்தல் நாலு வருடம் கழித்து வந்தது. அந்தத் தடவை எக்கானமி சார் நிற்கவில்லை. நான் பாயைத் தேற்றலாம் என்று போனால், அவர் நிதானமாக ஒரு கோட்டுக்குப் பிரஷ் போட்டுக்கொண்டிருந்தார். "நிக்கிறதுக்கும் ஒரு நேரம் இருக்கு, நிக்காம இருக்குறதுக்கும் ஒரு நேரம் இருக்கு. எதுன்னு அவுகளுக்குத் தெரியும்" என்றார். லூதா லாத்தா அதற்குள் மூட்டை தூக்குவதை விட்டுவிட்டு மறுபடி பாடம் நடத்தப் போயிருந்தார். பெருநாளுக்குப் பெருநாள் பாய்க்கு வாழ்த்து அட்டை வரும். விலாசத்தில் அவர் பெயர் இருக்காது. 'ஃபர் கோட் பாய், தேரா' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். தவறாமல் வந்து சேரும்.

பிறகு எனக்குக் குவைத்தில் வேலை கிடைத்து ஃபர்வானியாவுக்கு வந்துவிட்டேன். சீக்கிரமே பாயும் ஒரேயடியாக ஊருக்குப் போனார். போன வேகத்தில் அங்கே தேர்தல் வந்தது. விடியுமுன்னே குளித்து, அத்தர் பூசி, வரிசையில் முதல் ஆளாகப் போய் நின்றிருக்கிறார். வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லை. சாவடி அதிகாரியிடம் ஒரு மணி நேரம் தாராளவாதம் பேசியிருக்கிறார். போலீஸ்காரர் வந்து கையைப் பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார். இதை போனில் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

சிரித்து முடித்ததும், "ஆமா தம்பி, ஒங்க குவைத்துல இந்த மாசம் எலக்ஷனாமே? பொம்பளையளும் மொதத் தடவையா போடப் போறாகளாம், பேப்பர்ல போட்டிருக்கு. நீ போயிப் பாரு. பாத்துட்டு எனக்குச் சொல்லணும்" என்றார்.

ஜூன் கடைசி. வெயில் மண்டையைப் பிளந்தது. லீவு நாளில் ஏ.சி.யை விட்டு வெளியே போகிறவனைப் பைத்தியம் என்பார்கள். நான் போனேன். ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு எதிரே, ரோட்டின் மறுபக்கம், ஒரு பக்காலாக் கடை நிழலில் ஒரு மணி நேரம் நின்றேன். கார்கள் வந்தன, கறுப்பு அபாயாவில் பெண்கள் இறங்கினார்கள். வயதான ஒரு அம்மாளைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பி வரும்போது ஒருத்தி குலவை இட்டாள். எல்லாவற்றையும் அன்று போனில் பாய்க்கு ஒன்றுவிடாமல் சொன்னேன். வாசலில் எத்தனை போலீஸ், வரிசை எவ்வளவு நீளம், அந்தக் கிழவி சிரித்தாளா, அழுதாளா என்று குறுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு முழு போன் கார்டு தீர்ந்தது.

எனக்கு அந்தத் தேர்தலில் யார் நின்றார்கள், யார் ஜெயித்தார்கள் என்றுகூடத் தெரியாது. பாய் கேட்பாரே என்றுதான் போனேன்.